முதுசக் காணி: உறுதி கையில் இருந்தால் மட்டும் போதாது

இலங்கையில் முதுசக் காணியை (பரம்பரைக் காணியை) விட்டுவிட்டு வெளிநாட்டில் இருக்கும் அன்பான ஊர் உறவுகளுக்கு வணக்கம்.

"உறுதி (காணிப் பத்திரம்) எங்களிடம் இருக்கிறது, ஒருவராலும் அசைக்க ஏலாது" என்று எங்களில் பலர் நம்பிக்கொண்டிருக்கிறோம். அந்த உறுதி பெரும்பாலும் அப்பப்பாவின் பெயரில் இருக்கும். அவரிடமிருந்து காணி உங்களிடம் எப்படி வந்தது என்றுதான் நீதிமன்றம் கேட்கும். அவருடைய மரணச் சான்றிதழ், பிள்ளைகள் யார் யார், அப்பாவின் பிறப்புச் சான்றிதழ், உங்களுடையது என்று எல்லாம் தொடர்ச்சியாக இருக்க வேண்டும்.

எங்கள் ஆட்களுக்குப் பெரிய சிக்கல் பெயர்தான். உறுதியில் ஒன்று, பிறப்புச் சான்றிதழில் இன்னொன்று, வெளிநாட்டுக் கடவுச்சீட்டில் முன்பின் மாறி மூன்றாவது. எல்லாம் ஒரே ஆள்தான் என்று சத்தியக் கடதாசி முடிக்கலாம். ஆனால் அதைச் சொல்லக்கூடிய முதியவர்கள் உயிரோடு இருக்கும்போதே முடிக்க வேண்டும். பெரியம்மா, குஞ்சியப்பு என்று யார் மிஞ்சியிருந்தாலும் இந்தக் கிழமையே கதைத்து வம்சாவளியை எழுதி வையுங்கள். முதல் தாரத்துப் பிள்ளைகள், சிறு வயதில் இறந்தவர்கள், ஒருவரையும் விட வேண்டாம். ஒரு வாரிசை மறைத்தால் அதுவே வழக்கைக் கெடுக்கும். போரில் இறந்தும் பதியப்படாதவர்களின் மரணத்தைப் பதிய 2010 இல் தனிச் சட்டம் வந்தது, அதையும் விசாரியுங்கள்.

அடுத்தது தோம்பு, அதாவது காணிப் பதிவேடு. காணிப் பதிவகத்தில் உங்கள் காணியின் பதிவை நம்பிக்கையான ஒருவரைக் கொண்டு பார்ப்பியுங்கள். பத்து வருடம் ஆண்டதால் காணி தனக்கே சொந்தம் என்று சொல்லி யாராவது பிரகடன உறுதி எழுதிப் பதிந்திருந்தால் அங்கே தெரியும். பலருக்குச் சொந்தமான காணியைப் பிரித்துக் கேட்கும் பங்கு பிரிப்பு வழக்கும் அங்கே பதியப்படும். எனக்கு மிகவும் பயம் தருவது இந்த வழக்குத்தான். 1977 ஆம் ஆண்டின் 21 ஆம் இலக்கச் சட்டப்படி இறுதித் தீர்ப்பு வந்துவிட்டால், ஒரு சில விதிவிலக்குகள் தவிர, வழக்கில் இல்லாதவரையும் அது கட்டுப்படுத்தும். காணியில் ஒட்டும் அறிவித்தலை லண்டனிலும் ரொறன்ரோவிலும் இருந்து யார் பார்ப்பது?

சகோதரம் ஊரில் இருந்து காணியை ஆளுவதால் மட்டும் உங்கள் பங்கு போய்விடாது. 1911 இல் கொரயா எதிர் அப்புஹாமி வழக்கில் அப்போதைய உச்ச மேன்முறையீட்டு மன்றமான லண்டன் பிரிவிக் கவுன்சில் அப்படித்தான் தீர்த்தது. பிறத்தியார் எதிராக ஆளுவது வேறு கதை. போர்க்காலத்தை அந்தப் பத்து வருடக் கணக்கில் சேர்க்காமல் விட 2016 இல் ஒரு சட்டம் வந்தது. இரண்டு வருடத்துக்குள் வழக்குப் போட வேண்டியிருந்தது, அந்தக் காலம் முடிந்துவிட்டது. 2025 மார்ச் வர்த்தமானி வடக்கில் 5,900 ஏக்கருக்கு மேற்பட்ட காணிக்கு மூன்று மாதத்துக்குள் உரிமை கோரச் சொன்னதும் நினைவிருக்கும். அது மீளப் பெறப்பட்டாலும், அவ்வளவு குறுகிய காலத்தில் எங்களில் எத்தனை பேரால் பத்திரங்களைத் திரட்டியிருக்க முடியும்?

அற்றோர்ணித் தத்துவம் (தன் சார்பில் செயற்பட இன்னொருவருக்கு அதிகாரம் கொடுக்கும் பத்திரம்) கொடுத்திருப்பவர்களுக்கும் ஒன்று. கொடுத்தவர் இறந்தால் சாதாரணத் தத்துவம் அதோடு முடிந்துவிடும். அம்மா கொடுத்ததை வைத்து அம்மா போன பிறகு யாராவது கைமாற்றியிருக்கிறார்களா என்றும் தோம்பு பார்க்கும்போது சேர்த்துப் பாருங்கள்.