புதுப்பிப்பு: தினமும் சுமக்கத் தோல் பேக்பேக்

காரைக்குடியிலிருந்து தேவகோட்டைக்குத் தினமும் பஸ்ஸில் போகிறேன். லேப்டாப்பும் சாப்பாட்டு டப்பாவும் தாங்கும் தோல் பை எது என்று கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

"வார் பையோடு சேரும் இடத்தை முதலில் பாருங்கள், நிறமெல்லாம் அப்புறம்" என்ற யோசனைதான் கைகொடுத்தது. கடையில் பல பைகளில் வாரை ஒற்றைத் தையலில் நிறுத்தியிருந்தார்கள். நான் எடுத்ததில் வாருக்கு அடியில் இன்னொரு தோல் துண்டு கொடுத்து, கட்டமாகத் தைத்து, ரிவெட்டும் அடித்திருக்கிறார்கள். பஸ் நெரிசலில் இழுபட்டும் ஒரு நூல்கூடப் பிரியவில்லை. வெட்டிய ஓரத்தைப் பார்க்கச் சொன்னவருக்கும் தனி நன்றி: அசல் தோலில் நார் தெரியும், ரெக்சினில் துணி தெரியும்.

எதிர்பாராதது பூஞ்சை. ஐப்பசி மழையில் அலமாரிக்குள் இருந்த பையில் வெள்ளையாகப் படர்ந்துவிட்டது. வெளியே வைத்து உலர்ந்த துணியால் துடைத்து, வளவில் நிழலில் காற்றாடவிட்டதும் சரியானது. நேர் வெயில் வேண்டாம், தோல் காய்ந்து வெடிக்கும். பிளாஸ்டிக் உறையும் வேண்டாம், ஈரம் உள்ளேயே தங்கும். பழைய பருத்தித் துணியில் சுற்றி வைத்தால் போதும்.

இன்னொன்று: புதிதில் வியர்வை பட்டு வெள்ளைச் சட்டையில் சாயம் ஏறியது. வாங்கும்போதே ஈரத்துணியால் முதுகுப் பக்கத்தைத் தேய்த்துப் பாருங்கள்.