சத்தமே கேட்காத தென்னை: கூன்வண்டு அனுபவங்கள்

தோப்பு மேற்கு:
சிவப்புக் கூன்வண்டு பற்றி இங்கே யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. அதன் புழு தென்னைக்குள்ளேயே இருந்து மென்று தின்னும், அந்தச் சத்தத்தைக் கேட்டுத்தான் கண்டுபிடிக்கப் பார்க்கிறோம். பத்து வயசுத் தென்னை. தண்டில் ஓட்டை இல்லை, பழுப்புச் சாறு வடியவில்லை, குருத்தும் பச்சை. இடுப்பு உயரத்தில் 27 மி.மீ. பீசோ வில்லையை (அதிர்வை மின்சிக்னலாக மாற்றும் தட்டை) அழுத்திக் கட்டி, ஹெட்போனில் பத்து நிமிஷம் கேட்டும் சத்தமே இல்லை. நல்ல மரம் என்று சுண்ணாம்புப் புள்ளி வைத்தாச்சு. மூன்றாம் வாரம் கொண்டை சாய்ந்து தொங்கியது. பிளந்தால் மட்டையடியில் நார் சுற்றிய கூடுகள், ஒவ்வொன்றும் விரல் நீளம். ஒரு கூட்டின் முனை பிய்ந்து, வளைந்த மூக்கு மட்டும் வெளியே நீண்டது. கூட்டுக்குள் போன புழு மெல்லாது. சோதித்தது அந்தச் சமயத்தில்தான் போல.

ஒலிவில்லை:
அண்ணா, கூட்டை மட்டும் காரணம் சொல்ல முடியாது. தாக்கிய மரத்தில் முட்டை, புழு, கூடு, வண்டு எல்லாமே ஒரே சமயத்தில் இருப்பது வழக்கம். மெல்லும் புழு ஒன்றாவது இருந்திருக்கும். புழு கொண்டையில், வில்லை இடுப்பு உயரத்தில். நடுவே உள்ள ஈர நார் சத்தத்தை விழுங்கிவிடும். வில்லையை நேராகப் போனின் மைக் துளையில் செருகினீர்களா? அந்த அளவு வில்லையின் மின்தேக்கம் சுமார் 20 நானோஃபாரட். மைக் உள்ளீடு 2 கிலோ ஓம் என்றால் 4 கிலோஹெர்ட்ஸுக்குக் கீழே எல்லாம் தேய்ந்துபோகும். மெல்லும் சத்தம் பெரும்பாலும் 1 முதல் 4 கிலோஹெர்ட்ஸுக்குள்தான். நடுவில் 1 மெகா ஓம் உள்ளீடுள்ள ப்ரீஆம்ப் (சிக்னலைப் பெருக்கும் சுற்று) அவசியம். எம்பி3 வேண்டாம், வேவ் கோப்பாகப் பதியுங்கள். பிறகு 1 கிலோஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டினால் காற்றும் லாரிச் சத்தமும் பெரும்பாலும் போய்விடும்.

மட்டைக்காரன்:
இங்கே நேர் எதிர். சத்தத்தை நம்பி வெட்டிய மரத்தில் ஒரு புழுகூட இல்லை. காய்ந்த மட்டை தண்டில் உரசிய சத்தம் அது. காற்று நின்றதும் ஹெட்போனில் சத்தமும் நின்றது. ரம்பம் அதற்குள் பாதித் தண்டைத் தாண்டியிருந்தது. புழுவின் கடி சில மில்லிநொடித் துடிப்பு. கால் நொடிக்குள் அடுத்தது, இப்படிக் கொத்தாக வந்து ஓயும். உரசல் இழுத்துக் கேட்கும்.

வேர் முதல் குருத்து:
ஆணி அடித்துக் கேட்பவர்கள் கவனிக்கவும். தென்னைத் தண்டில் துளை ஆறாது, காயத்தின் வாடைக்கே வண்டு வரும். தண்டை விட்டுவிட்டு, வெட்டிய மட்டையின் அடிக்கட்டையில் 3 மி.மீ. துளை போட்டு நீள ஸ்க்ரூவை முறுக்குங்கள். அதன் தலையில் வில்லையை இறுக்கிக் கட்டினால் கொண்டைக்கும் கிட்டத்தில் இருக்கும். மாட்டும் அதிர்ச்சியில் புழு அடங்கிவிடும். ஐந்து நிமிஷம் பொறுத்து, பிறகு மூன்று நிமிஷம் பதியுங்கள். காற்றில்லாத நேரமாகப் பாருங்கள். ஸ்க்ரூவை எடுத்ததும் துளையைத் தாரால் அடையுங்கள். பச்சை மட்டை வெட்ட நேர்ந்தால் 120 செ.மீ. அடி விட்டே வெட்டுங்கள், அப்போதுதான் காயம் வழியே புழு தண்டுக்குள் இறங்காது. சத்தம் இல்லாத மரத்தை மூன்று வாரம் கழித்து மறுபடி கேட்க வேண்டும். பிளந்த துண்டுகளை எரித்துவிடுங்கள், தோப்பில் கிடந்தால் கூட்டிலிருந்து வண்டு வெளியேறும்.

தோப்பு மேற்கு:
ஆமாம் தம்பி, நேராகப் போனில்தான் செருகியிருந்தது. அதே வில்லையால் கேட்டுச் சுண்ணாம்புப் புள்ளி வைத்த மரம் இன்னும் பதினொன்று நிற்கிறது.