புதுப்பிப்பு: காலையில பாஸ், மதியம் ஃபெயில் ஆன ப்ளூடூத் லோ எனர்ஜி போர்டு, காரணம் கெடச்சிருச்சு

உதவுன எல்லாருக்கும் நன்றிங்க. புதுசா படிக்கிறவங்களுக்கு, மண்டபத்துல சின்ன யூனிட் வச்சு மீன்பிடி வல்லத்துல மாட்டுற ப்ளூடூத் லோ எனர்ஜி (கம்மி பவர்ல ஓடுற ப்ளூடூத்) டேக் தயாரிக்கிறோம், ஒரே சர்க்யூட் போர்டு ரிசீவர் டெஸ்ட்ல (சிக்னலைச் சரியா வாங்குதான்னு பாக்குற டெஸ்ட்) காலையில பாஸ் ஆகி மதியம் ஃபெயில் ஆகுதுன்னு கேட்டிருந்தேன்.

கிறிஸ்டலை (போர்டோட அலைவரிசையை நிர்ணயிக்கிற பாகம்) பாக்கச் சொன்னீங்க, பாத்தாச்சு, அலைவரிசை ஆஃப்செட் (விலகல்) ±150 கிலோஹெர்ட்ஸ் லிமிட்டுக்குள்ளதான் இருக்கு. டைரக்ட் டெஸ்ட் மோட்ல (ரேடியோவை மட்டும் நேரா சோதிக்கிற முறை) 0, 19, 39 மூணு சேனலையும் தனித்தனியா ஓட்டிப் பாருங்கன்னு ஒரு அண்ணன் சொன்னாரு பாருங்க, அதுதான் வேலை செஞ்சுது. சேனலுக்கு 1500 பாக்கெட் (சின்ன டேட்டா துண்டு), 625 மைக்ரோசெகண்டுக்கு ஒண்ணுன்னா ஒரு செகண்டுக்குள்ள முடிஞ்சிரும், சரியா வந்து சேராத பாக்கெட் 30.8 சதவீதத்தைத் தாண்டுனா ஃபெயில். மதியம் 19 மட்டும் அடி வாங்குச்சு, அது 2440 மெகாஹெர்ட்ஸ், பக்கத்து கடை வைஃபை ஓடுறது 6-ம் சேனல்ல, அதோட நடு 2437, அதான் ரெண்டும் மோதுது. கடையில கூட்டம் மதியந்தான்! ஷீல்டு பாக்ஸ் (வெளி சிக்னலைத் தடுக்குற பெட்டி) வச்சதும் பிரச்சனை போச்சு.

ப்ளூடூத் ஸ்பெக் கேக்குற -70 டிபிஎம்ல (சிக்னல் பலத்தோட அளவு, -90ன்னா இன்னும் வீக்கான சிக்னல்) டெஸ்ட் பண்ணாதீங்க, சொத்தை போர்டும் பாஸ் ஆயிரும், நாங்க -90ல வச்சிருக்கோம்.

எதிர்பாக்காதது ஒண்ணு, கச்சான் காத்து (கடலோரத்துல அடிக்கிற பருவக் காத்து) அடிக்க ஆரம்பிச்சதும் மூணு சேனலும் சேந்தே விழுந்துச்சு, பாத்தா ஃபிக்சர்ல (போர்டை மாட்டி டெஸ்ட் பண்ற தாங்கி) இருக்குற கிரவுண்டு போகோ பின்ல (போர்டைத் தொடுற ஸ்பிரிங் முனை) உப்பு பூத்திருக்கு. ஐசோப்ரொபைல் ஆல்கஹாலால துடைச்சதும் சரியாச்சு, இப்ப ஷிஃப்டு ஆரம்பத்துல துடைச்சுட்டு நல்லதுன்னு தெரிஞ்ச ஒரு போர்டை முதல்ல ஓட்டுறோம், அது ஃபெயில்னா ஃபிக்சர்லதான் கோளாறு.