வால்பாறை ஏற்றத்துக்கு அடுத்து எந்த பைக் எடுக்கலாம்?

வணக்கம். ஊர் பொள்ளாச்சி, உயரம் ஐந்தடி மூன்று அங்குலம். இரண்டு வருடமாக 100 சிசி வண்டி ஓட்டுகிறேன். மாதம் இருமுறை மனைவியோடு வால்பாறை போகணும், அம்மா அங்கேதான். ஆழியாறு தாண்டியதும் 40 கொண்டை ஊசி வளைவுகள். பாதி தூரம் இரண்டாவது கியரிலேயே முனகிக்கொண்டு ஏறுகிறது. முன்னால் பஸ் போனால் முந்தவே முடிவதில்லை. ஏர் ஃபில்டர், செயின் ஸ்பிராக்கெட் மாற்றியும் பலனில்லை.

ராயல் என்ஃபீல்டு ஹன்டர் 350 பைக் ஓட்டிப் பார்த்தேன். இழுவை அருமை. ஆனால் 181 கிலோ. சரிவில் நிறுத்தித் திருப்பும்போது கால் நடுங்கியது. டிவிஎஸ் அப்பாச்சி ஆர்டிஆர் 160 4வி கைக்கு லேசாக இருந்தது. பட்ஜெட் ஆன்ரோடு இரண்டு லட்சம், தீபாவளிக்குள் எடுக்கணும்.

இந்த மலையில் இருவராக ஓட்டியவர்கள் சொல்லுங்கள்: 160 போதுமா, இல்லை எடைக்குப் பழகிக்கொண்டு 350-க்கே போகலாமா?