மறு: ‘லாக்கர்’ கலங்களுக்கு அரக்கு பொருந்துமா?

வணக்கம்.

> ஜப்பானியத் தேநீர்ச் சடங்கில் புழங்கும் லாக்கர் (lacquer) பூசிய பாத்திரங்களை ‘அரக்குப் பாண்டம்’ என்று எழுதிவிடலாமா?

வேண்டாம் ஐயா. அரக்கு பூச்சியிலிருந்து வருவது. சூட்டில் இளகும், சாராயத்தில் கரையும். ஜப்பானியர் பூசுவது உருஷி என்ற மரத்தின் பால். அது ஒருமுறை இறுகிவிட்டால் கொதிக்கும் சாறு ஊற்றினாலும் அசையாது. அரக்கு பூசிய கிண்ணத்தில் அப்படி ஊற்றிப் பாருங்கள், அரக்கு மாளிகை கதைதான். குழப்பத்துக்குக் காரணம் ஆங்கிலம். அரக்கைக் குறிக்கும் நம் நாட்டு ‘லாக்’கிலிருந்து பிறந்த பெயரை இதற்கும் சேர்த்துச் சூட்டிவிட்டார்கள். அந்தக் குழப்பத்தை நாமும் ஏன் இறக்குமதி செய்யவேண்டும்?

> அப்படியானால் உருஷி என்றே எழுதிவிடுவோமே? கிரந்தம் வேண்டாதவர்கள் ‘உருசி’ என்று எழுதட்டும்.

அக்கா, ‘உருசிக் கலம்’ என்றால் படிப்பவர் சுவையான பண்டம் ஏதோ வருகிறது என்றுதான் நினைப்பார்! மரத்தின் பெயராக உருஷி இருக்கட்டும். பூச்சுக்கு நம் சொல் வேண்டும்.

நம் ஊர்ச் சேங்கொட்டைக்கு அது நெருங்கிய உறவு. மா, முந்திரி எல்லாம் அதே குடும்பம்தான். சலவைக்காரர் துணியில் குறி போட்ட சேங்கொட்டைச் சாறு தோலில் பட்டால் கொப்பளிக்கும் அல்லவா? உருஷிப் பாலும் அப்படியே. அதனால் ‘சேப்பால்’ என்று வைக்கலாமா என்று முதலில் யோசித்தேன். ஆனால் சேங்கொட்டை காய்க்கும் சேமரம் வேறு மரம். தாவரவியல் படித்தவர் யாராவது சண்டைக்கு வருவார்.

என் பரிந்துரை: மெருகுப்பால். வார்னிஷுக்கு மெருகெண்ணெய் என்ற சொல் ஏற்கெனவே இருப்பதால் இதுவும் அந்நியமாகத் தெரியாது. பால் என்பதும் சரிதான். மரத்தைக் கீறினால் வெளிறிய நிறத்தில் கசிந்து, காற்றுப் பட்டதும் பழுப்பேறுகிறது. பத்துப் பதினைந்து ஆண்டு வளர்ந்த மரம் ஒரு பருவம் முழுக்கக் கீறினாலும் தருவது ஏறத்தாழ 200 கிராம்தான். அதோடு மரத்தை வெட்டிவிடுவார்கள். பூசிய கலம் ‘மெருகுப்பால் கலம்’; பேச்சு வேகத்தில் ‘மெருகுக்கலம்’ என்று சுருங்கினாலும் கெட்டுப்போகாது.

அடுத்து நட்சுமே. மெல்லிய தேநீருக்கான பச்சைத் தூளை வைக்கும் சிறு மரக்கலம். தோள் உருண்டு அடி குறுகிய வடிவம் இலந்தைப் பழம்போல இருப்பதால் அந்தப் பெயர். நட்சுமே என்றாலே அவர்கள் மொழியில் இலந்தைதான். நமக்கோ குங்குமச் சிமிழ் இருக்கிறது. ஆக, இலந்தைச் சிமிழ். ‘தேச்சிமிழ்’ என்று பொதுவாக வைத்தால் சிக்கல் வரும். கெட்டித் தேநீருக்கான தூளை வைப்பது சுட்ட மண் கலத்தில், அதன் பெயர் சாயிரே.

சடங்கில் இந்தச் சிமிழுக்குக் கிடைக்கும் மரியாதையே தனி. தேநீர் தருபவர் மடித்த பட்டுத்துணியால் மூடியைத் துடைத்துத் திறப்பார். உள்ளே கறுப்புக்கு நடுவில் பச்சைத் தூள் குன்றுபோலக் குவிந்திருக்கும். குடித்து முடித்தபின் விருந்தினர் அதைக் கேட்டு வாங்கி, கைதவறினாலும் உடையாதபடி தரையை ஒட்டிக் குனிந்தே பார்ப்பார்கள். தேநீர்ச் சடங்கின் பேராசான் சென் நோ ரிக்கியூ (1522–1591) விரும்பியது ஒரு கோடுகூட இல்லாத கறுப்புச் சிமிழ். எனக்கும் அதுதான் பிடிக்கும். தங்கம் இழைத்தவை கண்ணாடிப் பெட்டிக்குள் அழகு.

அந்தத் தங்க வேலைக்குப் பெயர் மாக்கி-எ. ஈரப் பூச்சில் வரைந்து, அது இறுகுவதற்குள் பொன், வெள்ளிப் பொடியை அதன்மேல் தூவுவது. பெயருக்கே ‘தூவிய படம்’ என்றுதான் பொருள். தூவோவியம் என்று வைத்தால் தீர்ந்தது.

தீராதது ஒன்று இருக்கிறது. நாம் ‘காய்தல்’ என்று எழுதுகிறோமே, அது இங்கே தப்பு. இந்தப் பூச்சு இறுக ஈரம் வேண்டும். 70–85 விழுக்காடு ஈரப்பதமும் இதமான சூடும் உள்ள மர அலமாரிக்குள் வைத்தால்தான் அதை இறுகவைக்கும், பாலிலேயே உள்ள லாக்கேஸ் என்ற நொதி வேலை செய்யும். வெயிலில் வைத்தால் பிசுபிசுப்பு போகாது. ‘இறுகுதல்’ என்று எழுதிவருகிறேன், ஆனால் சிமெண்டு வாடை அடிக்கிறது. ‘உறைதல்’ என்றால் தயிரும் பனிக்கட்டியும் குறுக்கே வருகின்றன. கன்னியாகுமரிப் பக்கம் ரப்பர் பால் வெட்டுபவர்களிடம் இதற்கு ஏதாவது சொல் இருக்கிறதா? அந்தப் பக்கத்து நண்பர்கள் விசாரித்து எழுதுங்கள். அதுவரை மெருகுப்பால், இலந்தைச் சிமிழ், தூவோவியம் மூன்றையும் நம் கலைச்சொல் பட்டியலில் ஏற்றிவிடலாமா?