சாமி இல்லை என்றால், பிறகு எந்தச் சபை?

நாகர்கோவில், ஓய்வு பெற்ற அரசு ஊழியர்:

கடவுள் நம்பிக்கை இல்லாதவர்களை நம் மாவட்டத்தில் அக்கம்பக்கத்தார் எப்படிப் பார்க்கிறார்கள், செய்தித்தாள்களும் தொலைக்காட்சிகளும் எப்படிக் காட்டுகின்றன என்பதை அனுபவப்பட்டவர்கள் எழுத வேண்டும் என்று நண்பர்கள் கேட்டதால், நானே தொடங்கி வைக்கிறேன். கடவுள் உண்டா இல்லையா என்ற வாதத்தை வேறிடத்தில் வைத்துக்கொள்வோம். உங்களுக்கு நடந்ததை மட்டும் எழுதுங்கள்.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி குமரி மாவட்டத்தில் இருந்த 18 லட்சத்து 70 ஆயிரம் பேரில் இந்துக்கள் 48.65 விழுக்காடு, கிறித்தவர்கள் 46.85 விழுக்காடு, முஸ்லிம்கள் 4.2 விழுக்காடு. இரண்டு சமயங்கள் இவ்வளவு நெருக்கமான எண்ணிக்கையில் அருகருகே வாழ்வதாலும், 1982இல் இந்துக்களுக்கும் கிறித்தவர்களுக்கும் இடையே நடந்த மண்டைக்காட்டுக் கலவரத்தின் வடு இன்னும் முழுதாக ஆறாததாலும், இங்கே ஒருவரிடம் மதம் கேட்பது வெறும் வம்பு அன்று. அவரை எந்த வரிசையில் நிறுத்துவது என்று தெரிந்துகொள்ளும் வழி. வெளிமாவட்டத்தில் நான் பணியாற்றிய ஊர்களில் எனக்கு மதம் இல்லை என்று சொன்னால், கட்சிக்காரர் போலிருக்கிறது என்று முடித்துக்கொள்வார்கள். இங்கே அந்தப் பதிலை யாரும் பதிலாகவே எடுத்துக்கொள்வதில்லை. எதையோ மறைக்கிறார் என்றே எண்ணுகிறார்கள்.

மாற்றலாகி ஊருக்குத் திரும்பியபோது வடசேரிப் பக்கம் வாடகைக்கு ஒரு வீடு பார்த்தேன். வீட்டுக்காரர் என் பெயரைக் கேட்டுவிட்டு, "ஆர்.சி.யா, சி.எஸ்.ஐ.யா?" என்றார், அதாவது ரோமன் கத்தோலிக்கரா, தென்னிந்தியத் திருச்சபையா என்று. குழந்தையாக இருந்தபோது ஞானஸ்நானம் கொடுத்தார்கள் என்றும், இப்போது எனக்கு நம்பிக்கை இல்லை என்றும் சொன்னேன். அவர் சற்று யோசித்து, "அப்போ பெந்தெகொஸ்தேயா சார்? ராத்திரி ஜெபம் வச்சா பக்கத்து வீட்டுக்காரங்க சண்டைக்கு வருவாங்களே" என்று கவலைப்பட்டார். எந்த ஜெபமும் இருக்காது என்று நான் சொன்னதும் அவர் முகம் இன்னும் இருண்டது. கடைசியில், உடன் பணியாற்றிய நண்பர் ஒருவர் என்னை 'கோயிலுக்குப் போகாத ஆர்.சி.' என்று அறிமுகப்படுத்திய பிறகுதான் சாவி கைக்கு வந்தது. வீட்டுக்காரர் நல்ல மனிதர். அந்த வீட்டில் இருந்த காலம் முழுவதும் என்னிடம் அன்பாகவே இருந்தார், ஆனால் கோயிலுக்குப் போகாத ஆர்.சி.யிடம்தான் அந்த அன்பு.

விளவங்கோடு வட்டம், செவிலியர்:

தொடங்கி வைத்த ஐயாவுக்கு வணக்கம். என் தந்தையின் மரணத்தைப் பற்றி எழுத வேண்டும் என்று நீண்ட நாட்களாக நினைத்திருந்தேன்.

அப்பா ரப்பர் பால் வெட்டும் தொழிலாளி. விடியலுக்கு முன்னே தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு தோட்டத்துக்குப் போவார். மதியத்துக்கு மேல் படிப்பார். பூதப்பாண்டியில் பிறந்த ஜீவானந்தம், பகத்சிங் லாகூர் சிறையில் நாத்திகம் பற்றி எழுதிய கட்டுரையை 1930களில் தமிழாக்கம் செய்ததும், அதற்காகக் கைதானதும் அவர் எங்களுக்கு அடிக்கடி சொல்லும் கதைகள். தன் உடலை ஆசாரிபள்ளத்திலுள்ள அரசு மருத்துவக் கல்லூரிக்குக் கொடுத்துவிட வேண்டும் என்று எழுதி, எங்கள் கையெழுத்தையும் வாங்கி வைத்திருந்தார்.

அவர் இறந்த அன்று, மருத்துவரின் இறப்புச் சான்றையும் வாரிசுகளின் ஒப்புதல் கடிதத்தையும் எடுத்துக்கொண்டு நாங்கள் அலைந்துகொண்டிருந்தபோது, வீட்டு முற்றத்தில் வேறொரு பேச்சு ஓடிக்கொண்டிருந்தது. கல்லறைத் தோட்டத்தில் இடம் தரமாட்டார்கள் என்பதால்தான் உடலைக் கல்லூரிக்குக் கொடுக்கிறோம் என்றார் ஒருவர். மகள் இந்துவாக மாறிவிட்டாள், அதனால்தான் ஜெபம் வேண்டாம் என்கிறாள் என்றார் மற்றொருவர். இறந்தவர் எழுதிய கடிதம் மேசைமேல்தான் இருந்தது. அதை எடுத்துப் படித்துப் பார்க்க யாருக்கும் தோன்றவில்லை.

மாலையில் செய்தித்தாளிலிருந்து ஒருவர் தொலைபேசியில் அழைத்தார். அப்பா எந்தக் கட்சி, சபையோடு என்ன தகராறு, சொத்துப் பிரச்சினை ஏதும் உண்டா என்று மூன்று கேள்விகள் கேட்டார். உடல்தானம் என்று நான் சொன்னதை அவர் குறித்துக்கொண்டாரா என்பது தெரியவில்லை. மறுநாள் மாவட்டப் பக்கத்தில், தந்தைக்கு இறுதிச் சடங்கு செய்ய நாத்திக மகள் மறுத்ததாகவும் அதனால் ஊரில் பரபரப்பு ஏற்பட்டதாகவும் செய்தி வந்தது. அப்பாவின் விருப்பம் என்ற சொல்லே அதில் இல்லை. திருத்தம் வெளியிடுமாறு கேட்டேன். பார்க்கிறோம் என்றார்கள், அவ்வளவுதான்.

இதையாவது மறந்திருப்பேன். சில நாட்கள் கழித்து இன்னொரு செய்தித்தாளில், தோட்டத் தொழிலாளியின் உடல்தானம் மாணவர்களுக்குப் பயன்படப்போகிறது என்று பாராட்டி ஒரு செய்தி வந்தது. நல்ல செய்திதான், எல்லா விவரமும் சரியாகவே இருந்தது. ஆனால் அவர் ஏன் கொடுத்தார் என்பதை மட்டும் விட்டுவிட்டார்கள். முதல் செய்தியில் நாத்திகம் தலைப்பிலேயே இருந்தது. இரண்டாவது செய்தியில் தேடினாலும் கிடைக்கவில்லை. அன்றிலிருந்து நாளிதழை இந்தக் கண்ணோடுதான் படிக்கிறேன். ஜீவாவின் நினைவு நாள் வந்தால் அவருடைய எளிமையைப் பற்றியும் கம்பராமாயணப் புலமையைப் பற்றியும் எழுதுவார்கள், கலைவாணர் என்.எஸ். கிருஷ்ணனின் பிறந்த நாள் வந்தால் அவர் வாரி வழங்கியதைப் பற்றி எழுதுவார்கள். ஒழுகினசேரியில் பிறந்த அந்த மனிதர் எந்த மூடநம்பிக்கைகளைப் பார்த்து ஊரைச் சிரிக்கவைத்தார் என்பது ஒரு வரிக்குள் அடங்கிவிடும், சில ஆண்டுகளில் அந்த வரியும் வராது.

தோவாளை வட்டம், தனியார் நிறுவன ஊழியர்:

அக்கா எழுதியதன் மறுபக்கம் எனக்கு நடந்தது. எங்களுடையது ஊர்வகைக் கோயில், அதாவது ஊராரே பொதுவில் நடத்தும் கோயில், உள்ள ஊர். கொடை விழாவுக்குக் குடும்பந்தோறும் தலைக்கட்டு வரி உண்டு. நான் அதைத் தவறாமல் கட்டுகிறேன், ஏனென்றால் ஊர் மண்டபமும் பாத்திரங்களும் அந்தப் பணத்தில்தான் நடக்கின்றன. ஆனால் சாமி கும்பிடுவதில்லை, திருநீறு பூசுவதில்லை. இது போதும், நான் இரகசியமாக மதம் மாறிவிட்டேன் என்று பேச்சு கிளம்ப. என் சித்தப்பாவே அம்மாவிடம் வந்து, "பையன் ஞாயிற்றுக்கிழமை எங்க போறான்னு பாரு" என்று சொல்லிவிட்டுப் போனார். ஞாயிற்றுக்கிழமை நான் போவது கிரிக்கெட் ஆட.

கிறித்தவக் குடும்பத்தில் பிறந்த பெண்ணைச் சிறப்புத் திருமணச் சட்டத்தின்கீழ் மணந்தபோது, சார்பதிவாளர் அலுவலகத்தில் முப்பது நாள் ஒட்டப்படும் அறிவிப்பை யாரோ படம் பிடித்து வாட்ஸ்அப்பில் பரப்பினார்கள். எங்கள் ஊர்க் குழுக்களில் நான் மதம் மாறியதற்கான சான்றாக அது சுற்றியது. அவளுடைய ஊரில் அவள் மாறியதற்கான சான்றாகச் சுற்றியது. மதம் மாற விரும்பாததால்தான் இருவரும் அந்தச் சட்டத்தைத் தேர்ந்தெடுத்தோம் என்பது இரண்டு ஊருக்கும் புரியவில்லை.

தொலைக்காட்சியைப் பற்றி ஒன்று. இரவு விவாதங்களில் கறுப்புச் சட்டை அணிந்த ஒருவரையும் காவி அணிந்த ஒருவரையும் எதிரெதிரே உட்கார வைத்துக் கத்த விடுவதைப் பார்த்துத்தான் என் மாமா நாத்திகர் என்றால் யார் என்று கற்றுக்கொண்டார். நான் கத்துவதில்லை என்பதால், எனக்கு உள்ளுக்குள் பக்தி இருக்கிறது என்று அவர் நம்புகிறார்.

பகுதிநேரச் செய்தியாளர், அகஸ்தீஸ்வரம் வட்டம்:

செவிலியர் சகோதரி சொன்ன செய்தியை எழுதியவன் நான் அல்லன். ஆனாலும் அப்படி ஒரு செய்தி எப்படி உருவாகிறது என்பதை உள்ளிருந்து சொல்ல முடியும் என்பதால் எழுதுகிறேன்.

எங்களில் பலருக்கு மாதச் சம்பளம் கிடையாது. அச்சாகும் செய்திக்கு ஏற்பத்தான் பணம். இறப்பு செய்தியாக வேண்டுமென்றால் அதில் ஒரு தகராறு இருந்தாக வேண்டும், இல்லையென்றால் அது கட்டண விளம்பரப் பக்கத்துக்குப் போய்விடும். எனவேதான் அந்த மூன்று கேள்விகள். கேட்டவர் நாத்திகத்தின்மேல் வெறுப்பு உள்ளவராக இருந்திருக்க வேண்டும் என்பதில்லை.

இந்த மாவட்டத்தின் செய்திப் பக்கங்களைத் திருவிழாக்கள்தாம் நிரப்புகின்றன. கோட்டாறு சவேரியார் பேராலயத் திருவிழா, சுசீந்திரம் மார்கழித் தேரோட்டம், மண்டைக்காட்டுக் கொடை, சாமித்தோப்பில் அய்யா வைகுண்டர் அவதார தினம் என ஒவ்வொன்றுக்கும் உள்ளூர் விடுமுறை உண்டு, சிறப்புப் பக்கம் உண்டு, அந்தப் பக்கத்துக்கு விளம்பரமும் உண்டு. இதில் தவறேதும் இல்லை. மக்கள் வாழ்க்கை அதுதான். நம்பிக்கை இல்லாதவருக்குத் திருவிழா இல்லை, ஆகவே அவர் நாளிதழுக்குள் வர இரண்டே வாசல்கள்: ஒன்று கட்சி ஆர்ப்பாட்டம், மற்றொன்று மத உணர்வைப் புண்படுத்தியதாகக் காவல் நிலையத்தில் கொடுக்கப்படும் புகார். இந்த இரண்டு வாசல்களிலும் வருபவர் கோபமாகத்தான் இருப்பார். வாசகர் அந்த முகத்தையே நாத்திகரின் முகமாக மனத்தில் பதித்துக்கொள்கிறார்.

மூன்றாவதாக ஒரு வாசல் உண்டு என்று சொல்லலாம், ஆனால் அதில் நுழைபவர் பேச முடியாது. 2017 மார்ச்சில் கோவையில் ஃபாரூக் என்ற இளைஞர், கடவுள் மறுப்பாளர் என்பதற்காகவே வெட்டிக் கொல்லப்பட்டார். அன்று என்னிடம் பேசியவர்களில் பலர் முதலில் கேட்டது, கொன்றவர்கள் யார் என்பதை அல்ல. அவர் முகநூலில் அப்படி என்ன எழுதினார் என்பதை. எங்கள் செய்திகளும் அந்தக் கேள்விக்குத்தான் முதலில் பதில் தேடின. பூனாவில் 2013இல் தபோல்கர் சுட்டுக் கொல்லப்பட்டபோது, மூடநம்பிக்கை ஒழிப்பு இயக்கத்தவர் என்று எழுதினோம். அவர் மருத்துவராகவும் இருந்தார் என்பது கீழே எங்கோ வந்தது.

கல்குளம் வட்டம், ஓய்வு பெற்ற ஆசிரியை:

இதையெல்லாம் குமரி மாவட்டத்தின் தனிக் குணம் என்று நாம் எண்ணிக்கொள்ளக் கூடாது. இந்தியா உட்பட 13 நாடுகளில் மூவாயிரத்துக்கும் மேற்பட்டோரிடம் நடத்தப்பட்டு 2017இல் வெளிவந்த ஓர் உளவியல் ஆய்வில், கொடூரக் கொலைகளைச் செய்த ஒருவனைப் பற்றிய விவரிப்பைப் படித்தவர்கள், அவனை நம்பிக்கையாளன் என்று கருதுவதைவிட ஏறத்தாழ இரண்டு மடங்கு எளிதாக நாத்திகன் என்று கருதினார்கள். நாத்திகர்களுக்குள்ளேயே அந்தச் சாய்வு இருந்தது என்பதுதான் என்னை அதிகம் யோசிக்க வைத்தது. தொலைக்காட்சி இதை உருவாக்கியது என்று சொல்வது அதற்கு அளவுக்கு மீறிய பெருமை. ஏற்கெனவே இருக்கும் சந்தேகத்துக்கு அது முகமும் சட்டையும் கொடுக்கிறது.

என் அனுபவம் சிறியது. ஒரு நில வழக்கில் சாட்சி சொல்லப் போனேன். 'ஆண்டவன்மேல் ஆணையாக' என்பதற்குப் பதிலாக 'உளமார உறுதி கூறுகிறேன்' என்று சொல்ல விரும்பினேன். 1969ஆம் ஆண்டின் உறுதிமொழிச் சட்டம் அதற்கு இடம் தருகிறது, நீதிபதியும் உடனே ஒப்புக்கொண்டார். குறுக்கு விசாரணைக்கு எழுந்த வழக்கறிஞரோ, கடவுளுக்கே பயப்படாத அம்மா நீதிமன்றத்துக்கு மட்டும் பயப்படுவாரா என்று கேட்டார். நீதிபதி அந்தக் கேள்வியைத் தள்ளுபடி செய்துவிட்டார். அந்த வழக்கறிஞர் என்னிடம் ஆறாம் வகுப்பு படித்தவர் என்பதை இங்கே சொல்லாமல் இருக்க முடியவில்லை. வெளியே வந்ததும், "டீச்சர், தொழிலுக்காகக் கேட்டேன், மனசுல வைக்காதீங்க" என்றார். வைக்கவில்லை. ஆனால் அந்தக் கேள்வி எடுபடும் என்று அவர் கணக்குப் போட்டிருக்கிறாரே, அதைத்தான் நான் குறித்து வைத்திருக்கிறேன்.

விளவங்கோடு வட்டம், செவிலியர்:

செய்தியாளர் அண்ணனிடம் ஒன்று கேட்க வேண்டும். அப்பாவின் நினைவு நாளன்று எங்கள் ஊரில் உடல்தானப் பதிவு முகாம் நடத்தப்போகிறோம். அவர் கடவுள் நம்பிக்கை இல்லாதவர், அந்தக் கொள்கையின்படியே உடலைக் கொடுத்தார் என்ற ஒரு வரியோடு செய்தி அனுப்பினால் போடுவீர்களா?

பகுதிநேரச் செய்தியாளர், அகஸ்தீஸ்வரம் வட்டம்:

அனுப்புங்கள் சகோதரி. முகாம் பற்றிய செய்தி மாவட்டப் பக்கத்தில் வந்துவிடும். அந்த வரியை நான் முதல் பத்தியிலேயே எழுதி அனுப்புகிறேன். பக்கம் கட்டும் இடத்தில் அது நிற்குமா என்று என்னால் உறுதி சொல்ல இயலாது. இடமில்லை என்றால் முதலில் வெட்டப்படுவது காரணங்கள்தாம். ஒன்று செய்யலாம்: முகாமுக்கு வைக்கும் பதாகையில் அந்த வரியைப் பெரிய எழுத்தில் எழுதிவிடுங்கள். புகைப்படத்தில் இருப்பதை அவ்வளவு எளிதாக வெட்ட மாட்டார்கள்.