சொம்புமூக்கு முதலையைப் பார்த்த கதைகள்

போன ஜூனில் ஒரு கல்யாணத்துக்காக ஆக்ரா போனோம். மறுநாள் குவாலியர் நெடுஞ்சாலையில் தோல்பூர் தாண்டி சம்பல் ஆற்றுக்குப் போனேன், தனியாகத்தான். கூட வந்தவர்கள் ஏசி அறையை விட்டு நகரவில்லை. அந்த வெயிலுக்கு அவர்களைக் குறை சொல்ல முடியாது.

படகில் அரை மணி நேரம் போயிருப்போம். தண்ணீரில் ஒரு பாறை, அதன் மேல் காய்ந்த சுள்ளிகள். படகுக்காரர் இன்ஜினை நிறுத்திவிட்டுக் கை காட்டினார். சுள்ளிகள் அசைந்தன. அத்தனையும் குஞ்சுகள்! அடியில் இருந்தது பாறை இல்லை, அப்பன்காரன். மூக்கு நுனியில் சொம்பைக் கவிழ்த்த மாதிரி ஒரு புடைப்பு. வளர்ந்த ஆணுக்கு மட்டும்தான் அது உண்டு. இந்தியில் 'கடா' என்றால் மண்குடம் (நம்ம ஊர் ஆட்டுக்கடா இல்லை), இந்த முதலைக்குக் கரியால் என்ற பெயரே அதிலிருந்து வந்ததுதான். பல தாய்களின் குஞ்சுகளை ஒரே ஆண் காவல் காக்குமாம். ஆனால் பொரித்த சில வாரத்தில் மழை வெள்ளம் வந்துவிடும். பெரும்பாலானவை அதோடு சரி.

மார்ச், ஏப்ரலில் மணல் திட்டில் குழி தோண்டித்தான் இது முட்டையிடும். திட்டு போனால் முட்டைக்கு இடமில்லை. ஆற்றின் இந்தப் பகுதி சரணாலயம், அதற்குள் மணல் அள்ளத் தடை உண்டு. ஆனாலும் திரும்பும் வழியில் கரையில் டிராக்டர் தடம் பார்த்தேன், ஈரம்கூடக் காயவில்லை. படகுக்காரரிடம் கேட்டேன். டீ குடிக்கிறீர்களா என்றார்.

*

கொடுத்து வைத்தவர் அண்ணா நீங்கள். நான் பார்த்தது ஈசிஆரில், வடநெம்மேலி முதலைப் பண்ணையில்தான். மற்ற முதலைகள் கல் மாதிரி கிடக்கும். இது மீன் பிடிப்பதைப் பார்க்க வேண்டும்! அந்த ஒல்லி வாயைத் தண்ணீருக்குள் பக்கவாட்டில் ஒரு வீச்சு. நூற்றுக்கும் மேல் பல், மீன் எங்கே வழுக்கும்? அப்புறம் தலையைத் தூக்கி, மீனைக் குலுக்கித் திருப்பி, அதன் தலை முதலில் போகிற மாதிரி விழுங்கியது. "அப்பா, வேர்க்கடலை சாப்பிடுற மாதிரியே இருக்கு" என்றான் என் பையன்.

2007-08 குளிர்காலத்தில் சம்பலில் நூற்றுக்கும் மேற்பட்டவை செத்து ஒதுங்கின. சிறுநீரகம் கெட்டு, யூரிக் அமிலம் உள்ளுறுப்பெல்லாம் படிந்திருந்தது. அதற்குப் பிறகுதான் இந்தப் பண்ணைக்காரர்கள் அங்கே போய், டிரான்ஸ்மிட்டர் பொருத்தி, எது எங்கே போகிறது என்று பின்தொடர ஆரம்பித்தார்கள்.

*

வேலை நிமித்தம் நான் குவாலியரில் மூன்று வருடம் இருந்தேன். ஜனவரியில் போனால் வெயில் காய மணலில் வரிசையாகப் படுத்திருக்கும். வளர்ந்தவற்றுக்கு வயிற்றைத் தூக்கி நடக்க வராது, மணலில் இழுத்துக்கொண்டே போகும். ஒரு தடவை தனியாகக் கிடந்த ஒன்றின் வாயைச் சுற்றி நைலான் வலை. மேலும் கீழும் சேர்த்து இறுகியிருந்தது. தகவல் சொல்லி ஆள் வருவதற்குள் தண்ணீரில் இறங்கிவிட்டது. அடுத்த இரண்டு ஞாயிறும் அதே திட்டுக்குப் போய்ப் பார்த்தேன்.